தேய்ந்தது திரும்பாது

'பெயின்ட் கரெக்ஷன்' என்று கார் உலகம் மரியாதையாகச் சொல்லும் காரியத்தில் எதுவும் திருத்தப்படுவதில்லை. கீறல் என்பது ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை நிரப்ப வழி கிடையாது. அதனால் பள்ளத்தைச் சுற்றியிருக்கும் மேட்டைச் சீவி, பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். மேடு போனால் பள்ளமும் போயிற்று. பரப்பு சமமாகிறது, வெளிச்சம் சிதறாமல் திரும்புகிறது, கார் மின்னுகிறது. ஊர் முழுவதையும் ஒரு அங்குலம் தோண்டிவிட்டு, தெருவில் பள்ளமே இல்லை என்று அறிவிக்கும் நகராட்சியின் சாமர்த்தியம்தான் இது.

இதையெல்லாம் நான் தெரிந்துகொள்ள நேர்ந்தது ஒரு கடன் மனுவினால். பொதுத்துறை வங்கி ஒன்றில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, புனேயில் கிர்க்கி பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். (பலகையில் 'கட்கி' என்றுதான் இருக்கிறது. இங்கே தலைமுறைகளாக இருக்கும் தமிழர்கள் வாயில் அது இன்னும் கிர்க்கிதான்.) காலை ஐந்தரை மணிக்கு எங்கள் குடியிருப்பில் 22 கார்களைத் துடைக்கும் இளைஞன் ஒருவன் உண்டு. லாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். காருக்கு மாதம் ரூ. 500. ஒருநாள் கையில் கசங்கிய கொட்டேஷன் காகிதத்தோடு வந்து நின்றான். முத்ரா திட்டத்தில் 'ஷிஷு' பிரிவில் கடன் கேட்கப்போகிறானாம். 2015ல் ஆரம்பிக்கப்பட்ட திட்டம். அந்தப் பிரிவில் ரூ. 50,000 வரை கிடைக்கும். கார்களுக்கு பாலிஷ் போடும் மெஷின் வாங்க வேண்டும். "காகா, இதில் எது என்று நீங்கள் சொல்லுங்கள், அதையே வாங்குகிறேன்" என்றான்.

நானா பேட்டில் ஒரு கடைக்காரர் எழுதிக் கொடுத்த அந்தக் காகிதத்தில் மூன்று மெஷின்கள் இருந்தன. முதலாவது நாலாயிரத்துச் சொச்சம். இரண்டாவது பதினாலாயிரம். மூன்றாவது இத்தாலியச் சரக்கு, நாற்பதாயிரத்தைத் தாண்டியது. மூன்றும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு மோட்டார், ஒரு கைப்பிடி, நுனியில் வட்டமான ஒரு தட்டு. ஒரே மாதிரியான மூன்று பொருட்களுக்குள் பத்து மடங்கு விலை வித்தியாசம் என்றால் வங்கிக்காரனுக்குச் சந்தேகம் வரவேண்டும். மாவு மில்லுக்கும் விசைத்தறிக்கும் கடன் கொடுத்த காலத்தில் கேட்ட மூன்று கேள்விகளையே இங்கும் கேட்டேன். மெஷின் என்ன செய்கிறது? கெட்டுப்போனால் யார் சரிசெய்வது? தவறு நேர்ந்தால் நஷ்டம் யார் தலையில்?

முதல் கேள்விக்குப் பதில் தேட, மெஷினை விட்டுவிட்டு பெயின்டைப் பார்க்க வேண்டியிருந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் இன்றைய காரின் தகட்டின் மேல் நாலு அடுக்குகள் இருக்கின்றன. துருப்பிடிக்காமல் இருக்க மின்சாரத்தின் உதவியோடு படியவைக்கும் அடுக்கு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நாலும் சேர்ந்து சாதாரணமாக 100 முதல் 140 மைக்ரான் கனம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். ஜெராக்ஸ் தாளின் கனத்தில் பாதி. பாலிஷ் போடும் உலகம் முழுவதும் இந்த அரைத்தாள் கனத்துக்குள்தான் நடக்கிறது.

இந்த அடுக்கு அழகுக்கு மட்டும் இல்லை. வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தாங்கும் ரசாயனம் இதில்தான் கலந்திருக்கிறது. அளவுக்கு மீறி மெலிந்துவிட்டால் சில வருடங்களில் கூரையிலும் பானெட்டிலும் வெள்ளைத் திட்டுகள் தோன்றி, வெயிலில் காய்ந்த தோல் மாதிரி உரிய ஆரம்பிக்கும். அதற்கு அப்புறம் எந்த மெஷினும் உதவாது. மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றுதான் வழி. நல்ல கையால் ஒருமுறை பாலிஷ் போட்டால் ஓரிரு மைக்ரான் போகும். கடினமான காம்பவுண்டை அழுத்தித் தேய்த்தால் மூன்று, நாலு போகலாம். ஆக, கிளியர் கோட் என்பது பணம் போட முடியாத, எடுக்க மட்டுமே முடிகிற ஒரு கணக்கு. கார் பிறந்த அன்று போட்டதுதான் மொத்த இருப்பு.

அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் நிலைமை வேறு. அன்று பெரும்பாலும் நிறமே மேலடுக்கு. தேய்த்தால் துணியில் அந்த நிறம் ஒட்டிக்கொண்டு வரும். எவ்வளவு போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்ததால் கை தானாகவே நிதானப்பட்டது. இன்று போவது நிறமற்ற அடுக்கு. துணியில் வெறும் வெள்ளைப் பசைதான் தெரியும். கணக்கில் எவ்வளவு எடுத்தோம் என்பதை ரசீது இல்லாமல் யூகிக்க வேண்டும்.

சரி, கீறல் எப்படி வருகிறது? கறுப்பு அல்லது கருநீலக் காரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, சிலந்தி வலை மாதிரி வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். காரை யாரோ வட்டமாகத் துடைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். அது கண் செய்யும் மோசடி. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. வெளிச்சப் புள்ளிக்குக் குறுக்காக இருப்பவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. அதனால்தான் நீங்கள் நகர நகர அந்த வட்டமும் உங்களோடு நகர்கிறது. வலையைப் பின்னுவது தூசு. புனேயில் கட்டட வேலை நடக்காத தெரு அபூர்வம். இரவெல்லாம் படிந்த நுண்மணலைக் காலையில் துணியால் துடைக்கும்போது, துணி வெறும் பிடிதான். தேய்ப்பது மணல்.

இதை அந்தப் பையனிடம் சொன்னேன். அவன் முகம் சுருங்கவில்லை. "தெரியும் காகா. அரை வாளித் தண்ணீரில் 22 கார் துடைத்தால் வேறு என்ன ஆகும்?" என்றான். எங்கள் குடியிருப்பில் கோடையில் டேங்கர் லாரி வந்தால்தான் தண்ணீர். கார் துடைக்க வீட்டுக்கு அரைக் குவளைகூடச் சேராத அளவு ஒதுக்கி, சங்கம் தீர்மானமே போட்டிருக்கிறது. கீறல் அவன் கையால் விழுகிறது. ஆனால் அவன் தீர்மானித்தது அல்ல.

இனி மெஷின்கள். நாலாயிரம் ரூபாய்ச் சரக்குக்குப் பெயர் ரோட்டரி. மோட்டாரின் அச்சு சுற்றுகிறது, தட்டும் அதோடு ஒரே அச்சில் சுற்றுகிறது. அவ்வளவுதான் தத்துவம். சாணைக்கல்லின் ஜாதி. நிமிடத்துக்கு 600லிருந்து 3,000 சுற்று வரை போகும். 1,500 சுற்றில் ஓடும்போது ஆறு அங்குல பேடின் விளிம்பு மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் பெயின்டின் மேல் ஓடுகிறது என்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தனை வேகம் ஒரே இடத்தில் நின்றால் சூடு ஏறும். சமதளத்தில் நகர்த்திக்கொண்டே இருந்தால் ஆபத்தில்லை. பானெட்டின் மடிப்பு, கதவின் விளிம்பு, கண்ணாடியின் ஓரம் ஆகிய இடங்களில்தான் வினை. அங்கே பெயின்ட் இயல்பாகவே மெலிசாகப் படிந்திருக்கும். பேடின் முழு பாரமும் ஒரு கோட்டின் மேல் விழும். சில விநாடிகள் போதும், அடியிலுள்ள பிரைமர் எட்டிப் பார்த்துவிடும். பிளாஸ்டிக் பம்பர் இன்னும் மோசம். தகடு மாதிரி சூட்டைப் பரப்பிவிட அதற்குத் தெரியாது.

ரோட்டரிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரே திசையில் சுற்றுவதால் போன வழியெல்லாம் மெல்லிய தடம் விட்டுவிட்டுப் போகும். நிழலில் தெரியாது. வெயிலில் காரின் மேல் எண்ணெய் படிந்த தண்ணீர் மாதிரி நெளியும். 'ஹாலோகிராம்' என்கிறார்கள். கடையிலிருந்து மாலையில் மின்னிக்கொண்டு வரும் கார், மறுநாள் மதியம் ஆபீஸ் வாசலில் நெளிந்துகொண்டு நிற்பதன் ரகசியம் இதுதான்.

இரண்டாவது ரகத்தின் பெயர் டூயல் ஆக்ஷன். டி.ஏ. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். இதில் தட்டு அச்சின் மையத்தில் இல்லை, சற்றுத் தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கிறது. அதனால் ஒவ்வொரு புள்ளியும் சின்னச் சின்ன வட்டங்கள் போடுகிறது. கூடவே தட்டு தன்போக்கில் மெதுவாகச் சுற்றவும் செய்கிறது. அந்தச் சின்ன வட்டத்தின் குறுக்களவுதான் இந்த மெஷின்களின் ஜாதகம்: 8 மி.மீ., 15 மி.மீ., 21 மி.மீ. என்று. 15 மி.மீ. மெஷின் நிமிடத்துக்கு 4,500 முறை இப்படி ஆடினால், அந்த ஆட்டத்தின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான் வருகிறது. சாணை பிடிப்பதற்கும், மணிக்கட்டைச் சுழற்றிப் பாத்திரம் தேய்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இதில் முக்கியமான விஷயம், தட்டைச் சுற்றவைப்பது எந்தப் பல்சக்கரமும் இல்லை என்பது. அதிகமாக அழுத்தினாலோ, விளிம்பில் சாய்த்துப் பிடித்தாலோ, தட்டு சுற்றுவதை நிறுத்திவிடும். வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். வேலை தெரிந்தவர்கள் இதைக் குறை என்பார்கள். வளைவுகளில் நேரம் வீணாகிறது. தட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, அது சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே வேலை செய்வார்கள். வங்கிக்காரன் கண்ணுக்கு அது குறையாகப் படவில்லை. தவறு செய்யும்போது தானாக நின்றுவிடும் மெஷினை நான் வேறு எந்தத் தொழிலிலும் பார்த்ததில்லை.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஜாதி ஒன்றும் இருக்கிறது. டி.ஏ. மாதிரியே ஆடும், ஆனால் தட்டைப் பல்சக்கரம் கட்டாயமாகச் சுற்றவைக்கும். ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் கம்பெனியின் எக்ஸ்.சி. 3401 இந்த ரகத்தில் பேர்பெற்றது. ஜப்பானிய மகீட்டாவின் ஒரு மாடலில் விசையைத் திருப்பினால் இரண்டு விதமாகவும் ஓடும். அழுத்தினாலும் நிற்காது, வெட்டும் வேகம் அதிகம், ரோட்டரி அளவுக்குத் தடமும் விடாது. ஆனால் கையை உதறவைக்கும், விலையும் அதிகம். நிற்காது என்பதாலேயே விளிம்பில் மன்னிக்கவும் செய்யாது.

புத்தக அறிவு இந்த அளவில் இருக்கும்போது பெயின்டரைப் போய்ப் பார்த்தேன். கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ரயில்வே கேட் பக்கம் சின்ன ஷெட். டிங்கரிங், பட்டி பூசுவது, உப்புத்தாள் தேய்ப்பது, ஸ்பிரே எல்லாம் அவரே. கையில் வைத்திருந்தது கனமான பழைய ரோட்டரி. டி.ஏ. என்றதும் சிரித்தார்.

"அது பொம்மை சார். அதுல நாள் பூரா தேய்க்கிறத நான் ஒரு மணி நேரத்துல முடிப்பேன். மெஷின்ல என்ன இருக்கு? கை பேசணும். முப்பது வருஷமா இதைத்தான் பிடிக்கிறேன். ஒரு விளிம்ப எரிச்சதில்ல."

"முதல் வருஷத்திலயும் எரிச்சதில்லையா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அது ஃபியட் காலம். எங்க உஸ்தாத் ஷெட்டுல கத்துக்கிட்டேன். முதல் வருஷத்துல மூணு பானெட் எரிச்சேன் சார். உஸ்தாத் அறைஞ்சாரு. அப்புறம் அவரே ராத்திரி உட்கார்ந்து பெயின்ட் அடிச்சிக் குடுத்தாரு. பார்ட்டிக்குத் தெரியவே தெரியாது."

என் மூன்றாவது கேள்விக்குப் பதில் அந்த ஷெட்டில் கிடைத்துவிட்டது. பெயின்டர் சொன்னது அத்தனையும் உண்மை. ரோட்டரி தெரிந்த கையில் அபாரமான கருவி. ஆழமான கீறலையும், உப்புத்தாள் போட்ட தடத்தையும் அது எடுக்கிற வேகத்தில் எடுக்க வேறு ஆளில்லை. ஆனால் அந்தக் கை உருவாவதற்கு மூன்று பானெட் செலவாகியிருக்கிறது. அந்தச் செலவை ஏற்றவர் உஸ்தாத். எரிந்ததை மூடி மறைக்க ஸ்பிரே துப்பாக்கியும் அதே ஷெட்டில் இருந்தது. எங்கள் பையனுக்கு உஸ்தாதும் இல்லை, ஷெட்டும் இல்லை. அவன் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாகன நிறுத்துமிடத்தில் நின்று வேலை செய்யப்போகிறவன். ஒரு பானெட் எரிந்தால் மறுபெயின்டுக்கு ஐந்தாறாயிரம் ஆகும். 22 கார் துடைத்து வரும் மாத வருமானத்தில் பாதி. அதோடு அந்தக் கட்டடத்தில் அவன் பிழைப்பும் முடிந்தது. நாலாயிரம் ரூபாய் மெஷின் உண்மையில் மலிவு இல்லை. அதன் விலையில் பாக்கியை முதல் விபத்தன்று கட்டவேண்டும். அவ்வளவுதான்.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லாதவன் வாங்கவேண்டியது, தப்பை மன்னிக்கிற மெஷினை. டி.ஏ. என்று முடிவாயிற்று.

அதிலும் எது? 21 மி.மீ. மெஷின் அகலமான பரப்புகளில் வேகமாக வேலையை முடிக்கும். ஆனால் எங்கள் குடியிருப்பில் நிற்பவை பெரும்பாலும் சின்ன ஹாட்ச்பேக் கார்கள். வளைவும் மடிப்புமாக இருக்கும் கதவுகளில் பெரிய ஆட்டம் ஆடும் மெஷினுக்கு இடம் போதாது. 8 மி.மீ. மெஷின் மென்மையானது, ஆனால் ஒரு காருக்கு மூன்று நாள் கேட்கும். ஐந்து அங்குலத் தட்டோடு 15 மி.மீ. எடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒப்பேறும். இத்தாலிய ரூப்பஸுக்கும் பதினாலாயிரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கடையிலேயே இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம். விலை உயர்ந்தது கையில் பூனை மாதிரி உறுமுகிறது. மற்றது சற்று உதறுகிறது. ஐந்து மணி நேரம் பிடித்திருப்பவனுக்கு அந்த வித்தியாசம் பெரிய விஷயம்தான். ஆனால் முதல் வருடத்துக்கு அந்த உதறலின் விலை முப்பதாயிரம் ரூபாய் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு, பழுது பார்ப்பதற்கு, எளிய சோதனை ஒன்று இருக்கிறது. மெஷினைக் கையில் வாங்கியதும் "இதன் கார்பன் பிரஷ் ஒரு ஜோடி கொடுங்கள்" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மோட்டாரில் தேய்ந்துபோகும் முதல் உறுப்பு அதுதான். சில நூறு ரூபாய்கூட ஆகாது. உடனே எடுத்துக் கொடுத்தால் மெஷினுக்கு இந்த ஊரில் உறவு இருக்கிறது என்று அர்த்தம். "வரவழைத்துத் தருகிறேன்" என்றால் வேறு கடை பார்க்கலாம். தட்டின் திருகும் அப்படித்தான். எங்கும் கிடைக்கிற அளவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். அமெரிக்காவிலிருந்து யாராவது மருமகன் கொண்டுவந்து கொடுக்கும் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை: அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. ஒரு டிரான்ஸ்ஃபார்மரையும் கூடவே சுமக்க வேண்டும்.

மின்சாரம் என்றதும் சங்கத்தின் செயலாளர் நினைவுக்கு வருகிறார். பொது மீட்டரிலிருந்து மெஷின் ஓட்டக்கூடாது என்று முதலில் மறுத்தார். 900 வாட் மெஷின் ஐந்து மணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் நாலரை யூனிட்தான் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் கட்டினால் சரி என்று இறங்கிவந்தார். மின் இணைப்பே இல்லாத நிறுத்துமிடங்களில் பாட்டரி மெஷின் வசதி. ஆனால் ஒரு கார் முடிக்கப் பல பாட்டரிகள் வேண்டும். அவன் பட்ஜெட்டில் அது இப்போதைக்கு இல்லை.

பட்ஜெட்டைத்தான் அடுத்து எடுத்துக்கொண்டோம். ஐம்பதாயிரம் கிடைக்கும் என்பதற்காக ஐம்பதாயிரமும் வாங்க வேண்டியதில்லை என்பது என் பழைய வேத வாக்கு. மெஷினுக்குப் பதினாலாயிரம். மிச்சத்தை எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. வேலை செய்வது மெஷின் இல்லை. அதன் நுனியில் ஒட்டும் பேடும், அதில் தடவும் காம்பவுண்டும்தான். ஆட்டு ரோம பேட் வேகமாக வெட்டும். மைக்ரோஃபைபர் அதற்கு அடுத்தது. கடின ஸ்பாஞ்சு சுமாராக வெட்டும், மெத்தென்ற ஸ்பாஞ்சு கடைசி மெருகுக்கு. சீவி எடுத்த பெயின்டும் காம்பவுண்டும் பேடில் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் சுத்தம் செய்யாவிட்டால் பேடே கீற ஆரம்பிக்கும். ஒரு காருக்கு ஐந்தாறு பேடாவது மாற்ற வேண்டும். நாற்பதாயிரம் ரூபாய் மெஷினும் இரண்டு பேடும் வைத்திருப்பவனைவிட, பதினாலாயிரம் மெஷினும் பத்து பேடும் வைத்திருப்பவன் நன்றாக வேலை செய்வான்.

அடுத்து, கனம் அளக்கும் மீட்டர். கைக்கடக்கமான கருவி, தகட்டின் மேல் வைத்தால் மொத்த பெயின்ட் எத்தனை மைக்ரான் என்று காட்டும். கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது, பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது. இருந்தாலும் ஒரு காரின் சரித்திரத்தைச் சொல்லிவிடும். எல்லாக் கதவுகளும் 115 காட்டி ஒரு கதவு மட்டும் 240 காட்டினால் அது மறுபெயின்ட். ஆயிரத்தைத் தொட்டால் அடியில் பட்டி. 80க்குக் கீழே போனால் யாரோ ஏற்கெனவே நிறைய எடுத்துவிட்டிருக்கலாம். கடன் கொடுக்குமுன் பாஸ்புக்கைப் பார்ப்பது மாதிரி. கடைக்காரர் "இது எதற்குச் சார், யாரும் வாங்குவதில்லை" என்றார். அதனாலேயே வாங்கச் சொன்னேன். வெளிச்சத்துக்கு ஒரு நல்ல எல்.இ.டி. விளக்கு. எல்லாம் சேர்த்து ரூ. 35,000க்குள் அடங்கியது. அதில் ஒன்பதாயிரம் அவன் 'பிஷி'யில் சேர்த்தது. சீட்டுக்கு இந்த ஊரில் அப்படிப் பெயர். கடன் ரூ. 26,000 மட்டும்.

பயிற்சிக்குப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கறுப்பு பானெட் வாங்கி வந்தான். கற்றுக்கொடுத்தவர், 'பொம்மை' என்று சிரித்த அதே பெயின்டர். விளிம்புகளில் டேப் ஒட்டுவது, ஓரடிக்கு ஓரடி சதுரமாகப் பிரித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாகப் போவது, கையை வைத்துச் சூடு பார்ப்பது எல்லாம் மெஷினின் ஜாதி பார்க்காத பாடங்கள். "முதல்ல மெத்தை பேட், லேசான பாலிஷ். அதுல கீறல் போனா அதோட நிறுத்திக்க தம்பி. போகலேன்னா மட்டும் அடுத்தது. மருந்து மாதிரி" என்று இந்தியில் சொன்னார். நகத்தால் தடவும்போது தட்டுப்படுகிற கீறலைத் தொடவே கூடாது, அதை எடுக்கப்போனால் கிளியர் கோட்டே போய்விடும் என்றும் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: சில பாலிஷ்களில் எண்ணெயும் மெழுகும் கலந்திருக்கும், அவை கீறலை அடைத்து மறைக்கும், நாலு முறை கழுவினால் பழைய கதை. ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துப் பார்த்தால் மறைந்ததா, போனதா என்று தெரிந்துவிடும். பெயின்டர் இரண்டு நாள் கழித்து அந்த டி.ஏ.யைத் தானே வாங்கிப் பிடித்துப் பார்த்தார். "கறுப்பு வண்டிக்குக் கடைசி கை இதுல போடலாம் சார்" என்பதுதான் அவர் அதற்குக் கொடுத்த சான்றிதழ்.

முதல் கார் என்னுடையது. 2014ல் வாங்கிய கருநீல ஹாட்ச்பேக். பத்து வருடத் துடைப்பின் வலை முழுவதும் போகவில்லை, முக்கால்வாசி போயிற்று. மிச்சத்தையும் எடுக்கட்டுமா என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன். முழுக் கச்சிதம் கண்காட்சிக் கார்களுக்கு. தினமும் தெருவில் நிற்கும் காருக்குக் கிளியர் கோட்டில் பத்து மைக்ரான் அதிகமாக இருப்பது அழகைவிடப் பெரிய சொத்து. இப்போதெல்லாம் செராமிக் கோட்டிங் என்று பெரிதாக விளம்பரம் செய்கிறார்கள். அது ஓரிரு மைக்ரான் கனமுள்ள மேல்பூச்சு. தண்ணீர் உருண்டு ஓடும், கழுவுவது சுலபம். ஆனால் மணலோடு துடைத்தால் அதுவும் கீறும்.

ஆகவே மெஷின் வாங்கியதன் முதல் நிபந்தனையாக, துடைக்கும் முறையை மாற்றினோம். தேய்ப்பதற்கு ஒன்று, துணியை அலசுவதற்கு ஒன்று என இரண்டு வாளி. கழுவி அலசத் தேவையில்லாத வகை ஷாம்பு. காருக்கு நாலு மைக்ரோஃபைபர் துணி. தினமும் வறட்டுத் துணியால் துடைப்பதற்குப் பதில் வாரத்தில் இரண்டே முறை. பன்னிரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். பத்துப் பேர், தினமும் துடைக்கவில்லை என்றால் எதற்குச் சம்பளம் என்று கேட்டு, வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். மாதம் ஐயாயிரம் போயிற்று. மாதத்துக்கு இரண்டு, மூன்று பாலிஷ் வேலை கிடைத்ததால் தாக்குப்பிடித்தான். தவணை இதுவரை தவறவில்லை.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் போன மாதம் அவனை அழைத்தார். வெள்ளை செடான், மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முன் கார் பளபளக்க வேண்டும். நாலாயிரம் பேசினார். பையன் காரைக் கழுவி, மீட்டரை வைத்தான். கூரை 112. பின்பக்கக் கதவுகள் 108. பானெட்டில் 74, ஒரு மூலையில் 69. முந்தைய சொந்தக்காரர் யாரோ வருடா வருடம் 'ரப்பிங்' செய்வித்திருக்க வேண்டும். மீட்டரை அவரிடம் காட்டி, பானெட்டில் இனிமேல் தேய்க்க இடமில்லை, மெழுகு மட்டும் போடுகிறேன், எண்ணூறு ரூபாய் கொடுங்கள் என்றான். மெஷினைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அவருக்குக் கோபம். கார் துடைக்கிறவன் பாடம் நடத்துகிறான் என்று என்னிடமே வந்து சொன்னார்.

அவர் வேறு கடைக்குப் போனார். நிச்சயதார்த்தத்தன்று கார் நன்றாகத்தான் மின்னியது. எத்தனை மைக்ரான் மிச்சம் இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.